மல்டி டூலில் கதவு நிலையை அறுத்தால் புகை வருகிறது, இரண்டு பிளேடு போயே போச்சு. தப்பு என் கையிலா, மெஷினிலா?

புதுக்கை:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருக்கிற தரைக்கு மேலேயே லேமினேட் பலகை போடும் வேலையை நானே ஆரம்பித்திருக்கிறேன். பலகை 8 மில்லி, அடியில் விரிக்கிற ஃபோம் ஷீட் 2 மில்லி, ஆக தரை 10 மில்லி உயரும். கதவு நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வெட்டி ஒட்டினால் அசிங்கமாக இருக்கும், நிலையின் காலை அடியில் அறுத்துவிட்டுப் பலகையை அதற்குள் செருகுவதுதான் முறை என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அதற்காகவே ஒரு மல்டி டூல் வாங்கினேன், தட்டையான பிளேடு வேகமாக ஆடி அறுக்கிற கை மெஷின். வீடியோவில் வெண்ணெய் மாதிரி அறுக்கிறது.

என் கையில் அது வெண்ணெய் இல்லை. முதல் நிலையிலேயே ஒரு 15 மில்லி உள்ளே போனது, அதற்கப்புறம் நகரவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், புகை வந்தது, மரம் கருகிய வாசனை வீடு முழுக்க. வெளியே எடுத்துப் பார்த்தால் பிளேடின் முனை நீலமும் கறுப்புமாக இருக்கிறது, பற்கள் இருந்த இடம் ஸ்பூன் விளிம்பு மாதிரி மழுங்கிக் கிடக்கிறது. பெட்டியோடு வந்த இன்னொரு பிளேடைப் போட்டேன், அதுவும் அதே இடத்தில் அதே கதி. நிலை நல்ல கெட்டி மரம், ரொம்பப் பழசு. வேகம் முழுசாக 6-இல் வைத்திருந்தேன், வேகம் அதிகம் என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்றுதானே எவனும் நினைப்பான்.

இன்னும் மூன்று நிலை பாக்கி. மெஷின் மட்டமானதா, பிளேடு மட்டமானதா, நான் மட்டமா? இரண்டாவது கேள்வி, இந்த வேலை முடிந்தபிறகு இதை வைத்து மர வேலை ஏதாவது செய்ய முடியுமா? சின்னச் சின்ன அலமாரி, பெட்டி செய்கிற ஆசை இருக்கிறது. இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

பழைய ரம்பம்:

நான்கு நிலைதானே. கைரம்பத்தைப் படுக்கவைத்து அறுத்தால் நிலை ஒன்றுக்குக் கால் மணி நேரம். புகையும் வராது, கரண்டும் வேண்டாம். இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் மெஷின்.

இழைப்புளி:

பழைய ரம்பம் சொல்வதில் பாதி சரி, மீதியை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் பிளேடு.

"அதே இடத்தில் அதே கதி" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. இரண்டு பிளேடும் ஒரே ஆழத்தில் நின்றால் அங்கே ஆணி இருக்கிறது என்று அர்த்தம். பழைய நிலையில் அடிப்பக்கம் ஆணியோ, சுவரில் பிடித்துக்கொள்ள அடித்த இரும்புப் பட்டையோ இருப்பது சகஜம். பெட்டியோடு வருகிற பிளேடு பெரும்பாலும் மரத்துக்கு மட்டுமான சாதாரணக் கார்பன் ஸ்டீல். பல் பெரிசாக, கூராக இருக்கும், மரத்தில் நன்றாகப் போகும், ஆணியைத் தொட்ட இரண்டாவது விநாடியில் பல் போய்விடும். பல் போனபிறகு அது ரம்பம் இல்லை, வெறும் தகடு. தகட்டை மரத்தில் வைத்துத் தேய்த்தால் நெருப்புத்தான் வரும். நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் அந்த முனை 300 டிகிரி பக்கம் போயிருக்கிறது, அதோடு அந்த இரும்பின் பதம் போச்சு. அரம் வைத்துக் கூர்தீட்டினாலும் நிற்காது, தூக்கிப் போடுங்கள்.

பைமெட்டல் என்று எழுதியிருக்கிற பிளேடு வாங்குங்கள். உடம்பு வளைந்து கொடுக்கிற ஸ்பிரிங் ஸ்டீல், பல் இருக்கிற விளிம்பு மட்டும் ஹை ஸ்பீடு ஸ்டீல், இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். ஹை ஸ்பீடு ஸ்டீல் சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் பதம் இழக்காது, மரமும் சாதா ஆணியும் கலந்த இடத்துக்கு அதுதான். பதமேற்றிய கறுப்பு ஸ்க்ரூ, கான்கிரீட் ஆணி மாதிரி இருந்தால் பைமெட்டலும் தாங்காது, அதற்கு கார்பைடு பல் வைத்த பிளேடு தனியாக இருக்கிறது. விலை கூட, ஆனால் இரண்டு சாதா பிளேடு கருகுவதைவிட அது லாபம்.

இப்போது உங்கள் கை. இந்த மெஷின் எப்படி அறுக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடும். பிளேடு சுற்றுவதில்லை, இடமும் வலமும் ஆடுகிறது. ஆட்டம் மொத்தமே 3 டிகிரி சொச்சம், மாடலைப் பொறுத்து 4 டிகிரி வரை. நடு அச்சிலிருந்து பல் 80 மில்லி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3 டிகிரிக்கு ஒரு பல் போய்வருகிற தூரம் 4 மில்லிதான். கைரம்பம் ஒரு இழுப்புக்கு ஒரு முழம் போகிறது, தூளைத் தன்னோடு வெளியே இழுத்துக்கொண்டு வருகிறது. இங்கே பிளேடு அகலம் 30 மில்லிக்கு மேல், ஆட்டமோ 4 மில்லி, தூள் எங்கே போகும்? பல்லுக்கும் மரத்துக்கும் நடுவிலேயே மாட்டிக்கொண்டு நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவை வரை அரைபடும். அதுதான் உங்கள் புகை. நீங்கள் அழுத்த அழுத்தத் தூளும் இறுகும், சூடும் ஏறும், ஆட்டமும் குறையும்.

அதனால் அழுத்தாதீர்கள். ஒரு விரல் அளவு தள்ளல், அவ்வளவு போதும். பிளேடு உள்ளே போனதும் மெஷினின் பின்பக்கத்தைப் படகுத் துடுப்பு மாதிரி மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். அப்படி அசைத்தால் அகலமான பிளேடின் ஒரு மூலைதான் ஒரு நேரத்தில் வேலை செய்யும், மற்ற மூலையில் தூள் வெளியேற இடம் கிடைக்கும். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை முழுசாக வெளியே இழுத்துத் தூளைக் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே விடுங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுக்கலாம், அதுதான் சுலபம்.

வேகம்: வெட்டு ஆரம்பிக்கும்போது 2 அல்லது 3, பிளேடு ஒரு வரி பிடித்தபிறகு மரத்துக்கு 5 வரை ஏற்றலாம். இரும்பு தட்டுப்பட்டால் சத்தம் மாறும், கீச்சென்று ஒரு ஒலி, கையில் அதிர்வும் வேறு மாதிரி. கேட்ட உடனே 2-க்கு இறக்குங்கள். பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள், நகரவில்லையே என்று வேகத்தை ஏற்றுகிறார்கள்.

அரைகுறை ஆசாரி:

இழைப்புளி அண்ணா விளக்கியதற்கு மேல் பெரிசாக ஒன்றும் இல்லை, நான் என் வீட்டில் ஆறு நிலை அறுத்தவன் என்கிற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

அளவு எடுக்க டேப்பைத் தொடவே வேண்டாம். போடப்போகிற லேமினேட் பலகையில் ஒரு துண்டை எடுத்துத் தலைகீழாகத் தரையில் வையுங்கள், அதன் அடியில் ஃபோம் ஷீட்டிலும் ஒரு துண்டு. அந்தத் துண்டின் மேல் பிளேடைப் படுக்கவைத்து அப்படியே நிலைக்குள் விடுங்கள். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் வெட்டு அந்தந்த இடத்துக்கு ஏற்ற உயரத்தில் விழும். தலைகீழாக ஏன் என்றால் நல்ல முகத்தில் கீறல் விழாமல் இருக்க, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. இதற்குக் கழுத்து மடிந்து இறங்கிய பிளேடுதான் வேண்டும். நேர்த் தகடாக இருக்கிறதைப் போட்டால் மெஷினின் தலை பலகையில் இடிக்கும், பிளேடு சாய்ந்து போகும், நிலையில் ஒரு பக்கம் 10 மில்லி மறுபக்கம் 13 என்று இளிக்கும். என் முதல் நிலை இன்னமும் இளித்துக்கொண்டுதான் இருக்கிறது, மேலே ஒரு மிதியடி போட்டு வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நிலையின் கால் முழுவதையும் குறுக்கே அறுக்காதீர்கள்! வீடியோவில் காட்டுவது பெரும்பாலும் சன்னமான பலகைச் சட்டம், அதை முழுசாக அறுத்தாலும் ஒன்றும் ஆகாது. உங்களுடையது கெட்டி மரத்தில் முழுச் சட்டம், முழுசாக அறுத்தால் நிலை அந்தரத்தில் தொங்கும், கதவு எடை வேறு அதில். பலகை உள்ளே போய் மறைந்தால் போதும். லேமினேட் தரை ஈரத்துக்கும் வெயிலுக்கும் விரிந்து சுருங்கும், சுவர் ஓரத்தில் 8 முதல் 10 மில்லி இடைவெளி விடச் சொல்வார்கள், அது நிலைக்கு அடியிலும் வேண்டும். ஆக 10 மில்லி இடைவெளி, 10 மில்லி மறைப்பு, மொத்தம் 20 மில்லி ஆழம். அவ்வளவுதான் வேலை. பிளேடின் மேல் 20 மில்லியில் ஒரு கலர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், டேப் மரத்தைத் தொட்டால் நிறுத்துங்கள். வாங்கும் பலகையின் பெட்டியில் இடைவெளி எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

"மேலே ஒரு கோடு அறுத்தாச்சு, கீழே இருக்கிற 10 மில்லி கட்டையை எப்படி எடுப்பது?" என்று கேட்பீர்கள். நிலைக் காலில் மர ரேகை செங்குத்தாக ஓடும். அது உங்களுக்குச் சாதகம். 8 மில்லி உளியை எடுத்து நிலையின் பக்கவாட்டில், வெட்டின் அடி ஆழத்துக்கு நேராக, வாய் நெட்டுக்குத்தாக இருக்கும்படி வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். ரேகையோடு பிளந்து பிஸ்கட் மாதிரி விழும். நான் இது தெரியாமல் முதல் நிலையில் மெஷினாலேயே வரிவரியாக அறுத்துத் தூளாக்கி எடுத்தேன், ஒரு மணி நேரம், காதுக்குள் ராத்திரி வரை ரீங்காரம்.

பழைய ரம்பம்:

உளி என்று வந்துவிட்டதா? அதைத்தான் நானும் சொன்னேன்.

அரைகுறை ஆசாரி:

ஐயா நீங்கள் உளி என்ற வார்த்தையே சொல்லவில்லை 😀 கைரம்பம் சொன்னீர்கள். சுவர் மூலையில் நிலையின் உள்பக்கம் கைரம்பம் எப்படிப் போகும்? கைப்பிடி சுவரில் இடிக்கும், இழுக்க இரண்டு அங்குலம் கிடைக்காது.

பழைய ரம்பம்:

அந்த மூலை கஷ்டம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

தூசிப் படலம்:

நான் டைல்ஸ் வேலை, மரம் பக்கம் அதிகம் இல்லை. ஆனால் இந்த மெஷின் தினமும் கையில் இருக்கிறது, பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் பழைய கிரவுட்டைச் சுரண்ட இதைவிட நல்லது இல்லை. ஆங்கிள் கிரைண்டரில் ஒரு நொடி கை நழுவினால் டைல்ஸ் இரண்டாகும். இதில் நழுவினால் ஒரு கீறலோடு போகும். பல் வைத்த பிளேடு வேண்டாம், கார்பைடு அல்லது வைரத் துகள் ஒட்டிய அரைவட்ட பிளேடு. அதன் தடிமன் இடுக்கின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், 3 மில்லி இடுக்கில் 2 மில்லி பிளேடு போதும். நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஓரத்தில் ஒட்டியிருப்பதைக் கையால் சுரண்டினால் டைல்ஸ் விளிம்பு தப்பிக்கும்.

நான் எழுத வந்தது தூசி பற்றி. கிரவுட், சிமெண்ட், டைல்ஸ் எதை அறுத்தாலும் அதில் சிலிக்கா இருக்கிறது. இந்த மெஷின் தூசியைத் தூக்கி வீசாது, ஆங்கிள் கிரைண்டர் மாதிரி அறை முழுக்க மேகம் வராது, அதனால் தூசியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நுரையீரலுக்குள் போய்த் தங்குவது கண்ணுக்குத் தெரியாத பொடி. சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வந்தால் திரும்பாது, குணமாக்க மருந்தும் கிடையாது. என்95 மாஸ்க், பக்கத்திலேயே வேக்குவம் குழாய். கைக்குட்டை கட்டுவது எதற்கும் உதவாது. புதுக்கை, உங்கள் பழைய நிலைக்கும் இது பொருந்தும், பெயிண்ட் பல அடுக்கு இருந்தால் அடியில் இருக்கிறதில் ஈயம் இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் அறுக்கும்போது அறைக் கதவைச் சாத்துங்கள், முடித்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்க வேண்டாம். பெருக்கினால் எல்லாம் மறுபடி கிளம்பும்.

புதுக்கை:

எல்லாருக்கும் நன்றி. இழைப்புளி சார், ஆணி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் டார்ச் அடித்து வெட்டுக்குள் பார்த்தேன், உள்ளே பளபளவென்று ஒரு புள்ளி. கை விரல் தடிமன் ஆணி, சதுரமாக வேறு இருக்கிறது. மெஷினைத் திட்டிக்கொண்டு இருந்தேன்.

ஒரு சந்தேகம். பைமெட்டல் பிளேடு தேடினால் பல மாதிரி மவுண்ட் (பிளேடை மெஷினில் மாட்டுகிற பிடி) என்று வருகிறது, ஸ்டார்லாக், ஸ்டார்லாக் பிளஸ், யூனிவர்சல் என்று. என்னுடையது நடுவில் ஒரு போல்ட் போட்டு ஆலன் கீயால் முறுக்குகிற வகை. அப்புறம், அறுக்கும்போது கை நழுவினால் விரலை வெட்டுமா? மாவுக்கட்டு பிரிக்கிற மெஷினும் இதே ஆட்டம்தான், அது தோலை வெட்டாது என்று தம்பி சொல்கிறான்.

இழைப்புளி:

தம்பியை மெஷின் பக்கம் விடாதீர்கள்.

அவன் சொல்வதில் சரித்திரம் சரி. மாவுக்கட்டு வெட்ட ஆடுகிற ரம்பத்தை 1940களில் ஹோமர் ஸ்ட்ரைக்கர் என்கிற அமெரிக்க எலும்பு மருத்துவர் கொண்டுவந்தார். ஜெர்மனியின் ஃபைன் கம்பெனியும் 1967-இல் மாவுக்கட்டுக்கு ஒன்று செய்தது, அங்கிருந்து வந்த வாரிசுதான் இன்று நாம் மல்டி டூல் என்று பிடித்துக்கொண்டிருப்பது. ரொம்ப நாள் அவர்கள் ஒருவர்தான் செய்தார்கள், காப்புரிமை முடிந்தபிறகுதான் எல்லாக் கம்பெனியும் இறங்கியது. தோல் கதை என்னவென்றால், தோல் நெகிழ்ந்து கொடுக்கும், பிளேடோடு சேர்ந்து தானும் ஆடும், அதனால் மெல்லத் தொட்டால் வெட்டு விழாது. மாவுக்கட்டு இறுகிப்போன பொருள், அது ஆடாது, வெட்டுப்படும். ஆனால் அந்த ரம்பத்தின் பல் வேறு, அதைப் பிடிக்கிற கை வேறு. உங்கள் பிளேடில் மரத்தைக் கடிக்கிற கூர்மையான பல் இருக்கிறது, எலும்பை ஒட்டிய இடத்தில் தோலுக்கு நெகிழ இடமே இல்லை. நகத்தை ஒட்டி இருக்கிற என் தழும்பைப் போட்டோ எடுத்துப் போடலாம், வேண்டாம். வட்ட ரம்பத்தைவிடச் சாதுவான மெஷின்தான், அதற்காகப் பொம்மை இல்லை. இரண்டு கையும் மெஷினில் இருக்கட்டும், கண்ணாடி போடுங்கள். அறுத்து முடித்தவுடன் பிளேடைக் கழற்றாதீர்கள், விரலில் வெட்டுக் காயத்தைவிடச் சூட்டுக் காயம்தான் இதில் அதிகம்.

மவுண்ட்: ஸ்டார்லாக் என்பது போஷ், ஃபைன் இரண்டு பேரும் சேர்ந்து 2016-இல் கொண்டுவந்த பிடி. அதில் மூன்று தரம். சாதா ஸ்டார்லாக் பிளேடு மூன்று மெஷினிலும் உட்காரும், பிளஸ் பிளேடு பிளஸ், மேக்ஸ் மெஷினில் மட்டும், மேக்ஸ் பிளேடு மேக்ஸில் மட்டும். பெரிய பிளேடைச் சின்ன மெஷினில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. உங்களுடையது போல்ட் வகை, அதனால் யூனிவர்சல் என்று இருப்பதைப் பாருங்கள், நடுத் துளையையும் சுற்றியிருக்கிற ஊசித் துளைகளையும் உங்கள் பழைய பிளேடின் மேல் வைத்துப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். போல்ட் வகையில் ஒரு தொல்லை உண்டு, அதிர்வில் போல்ட் தளரும். தளர்ந்தது தெரியாமல் ஓட்டினால் ஆட்டத்தில் பாதி அந்தத் தளர்விலேயே போய்விடும், பிளேடு சும்மா சிணுங்கும், வெட்டாது, நாம் இன்னும் அழுத்துவோம். ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

அந்தச் சதுர ஆணி பழைய காலத்துக் கொல்லன் அடித்ததாக இருக்கலாம், மெத்தென்ற இரும்பாகத்தான் இருக்கும். பைமெட்டல் போட்டு வேகம் 2-இல் பொறுமையாக விட்டால் போகும். விரல் தடிமன் என்பதால் நேரம் எடுக்கும், பிளேடின் ஒரே இடத்துப் பல்லைத் தேய்க்காமல் இடமாற்றி விடுங்கள். கையில் பிடிக்க முடிகிற நீளம் வெளியே தெரிந்தால் பிடுங்கப் பாருங்கள், ஆனால் அதுதான் நிலையைப் பிடித்திருக்கிறது என்றால் விட்டுவிட்டு, அரைகுறை ஆசாரி சொன்ன 20 மில்லிக்குள் அது வருகிறதா என்று முதலில் பாருங்கள். 15-இல் தட்டியது என்றீர்கள், 5 மில்லிக்காக ஆணியோடு சண்டை வேண்டுமா என்பது உங்கள் முடிவு. அந்த இடத்தில் மட்டும் பலகையின் ஓரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், எப்படியும் நிலைக்குள் மறைந்துவிடும்.

அரைகுறை ஆசாரி:

அடடா அது எனக்குத் தோன்றவே இல்லை. பலகையில் ஒரு சின்னக் காடி வெட்டினால் ஆணி அதற்குள் உட்காரும். ஆனால் ஆணியைச் சுற்றியும் அந்தப் 10 மில்லி இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தரை முழுக்க அந்த ஒரு ஆணியில் முட்டி நிற்கும், வெயில் காலத்தில் நடுவில் எழும்பும்.

சின்ன வேலை:

இரண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள், மர வேலைக்கு இது ஆகுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் பொழுதுபோக்காக அலமாரி, பெட்டி செய்கிறவள். இதை வைத்து ஒரு பெட்டி செய்ய முடியுமா என்றால் முடியாது. நேர்கோடு வராது, நீள வெட்டு வராது. அதற்கு வட்ட ரம்பமோ, ஜிக்சாவோ, நல்ல கைரம்பமோதான். ஆனால் செய்த பெட்டியைத் திருத்த, பழைய பெட்டியைக் காப்பாற்ற இதைப்போல இல்லை, அதனால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

போன மாதம் ஒரு பழைய ஜன்னல். கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் நின்று ஒரு கை அளவுக்கு உளுத்துப்போயிருந்தது, விரல் வைத்தால் உள்ளே போகிறது. முழுச் சட்டத்தையும் மாற்றினால் கண்ணாடி, கீல் எல்லாம் கழற்ற வேண்டும். உளுத்த இடத்தைச் சுற்றி நல்ல மரம் வரும் வரை பென்சிலால் ஒரு சதுரம் போட்டேன். கோட்டின் மேல் ஒரு நேரான மரக்கட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிளேடின் தட்டைப் பக்கத்தை அந்தக் கட்டையோடு ஒட்டிப் பிடித்து இறக்கினேன். இந்தக் கட்டைதான் சூட்சுமம், கையால் கோட்டைப் பார்த்து அறுத்தால் பிளேடு முதல் தொடுதலில் துள்ளிப் பக்கத்தில் ஒரு பல்தடம் போடும். இறக்கும்போது முழு அகலத்தையும் ஒரேயடியாக வைக்காமல் முதலில் ஒரு மூலையை மட்டும் தொடவைத்து, அது கடித்தபிறகு மற்றதைச் சாய்த்து இறக்குங்கள். நான்கு பக்கமும் 25 மில்லி இறக்கி நடுவை உளியால் எடுத்தேன். அந்தக் குழிக்கு ஒரு துண்டு மரம், ரேகை அதே திசையில், அரை மில்லி பெரிசாக வெட்டி இழைத்து இழைத்து இறுக்கமாக உட்காரவைத்து எபாக்ஸி போட்டு ஒட்டினேன். மேலே துருத்திக்கொண்டிருந்ததை இழைப்புளியால் சமன் செய்தபிறகு பெயிண்ட் அடித்தால் தேடினாலும் தெரியாது. ஜன்னலைக் கழற்றவே இல்லை.

ஸ்க்ரூ தலையை மறைக்கிற மரக்குச்சியைப் பலகையோடு சமமாக அறுக்கவும் இதைச் சொல்வார்கள். சொல்வதை நம்பி நேராகப் பலகையின் மேல் வைத்து அறுக்காதீர்கள், பற்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் விரிந்திருக்கும், பலகையில் பிறை பிறையாகக் கீறல் விழும். பழைய அட்டையில் குச்சி நுழைகிற மாதிரி ஓட்டை போட்டுப் படுக்கவையுங்கள், அட்டையின் மேல் பிளேடை ஓட்டுங்கள், நிற்கிற அரை மில்லியை உளியால் சீவுங்கள். காய்ந்த பசையைச் சுரண்டச் சுரண்டி பிளேடு அருமை, மூலையில் வழிந்த பசைக்கு வேறு எதுவும் போகாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற முக்கோணத் தட்டு ஒன்று வந்திருக்குமே? சட்டத்தின் உள்மூலைக்கு நல்லது. அதிலும் இதே சூட்டுக் கதைதான். மூலையில் நுனியை வைத்து அழுத்தினால் அந்த நுனியில் இருக்கிற வெல்க்ரோ உருகிவிடும், அப்புறம் தாள் ஒட்டாது, தட்டே போச்சு. என் முதல் தட்டு ஒரே நாற்காலியில் முடிந்தது. வேகம் பாதிக்குக் கீழே, நுனித் தாள் தேய்ந்ததும் தாளைக் கழற்றி ஒரு மூலை திருப்பி ஒட்டுங்கள், ஒரு தாளில் மூன்று நுனி கிடைக்கும். பெரிய பரப்பைத் தேய்க்க இதை எடுக்காதீர்கள், சாயந்திரம் வரை தேய்த்தாலும் முடியாது, கையும் மரத்துப் போகும்.

தூசிப் படலம்:

கை மரத்துப் போவது பற்றி அக்கா சொன்னது உண்மை. பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் கீழே வையுங்கள். வருடக்கணக்காக நிறுத்தாமல் பிடித்து விரல் நுனி வெளுத்து உணர்வு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குக் குளிர் வந்தால் விரல் இன்றும் வெள்ளையாகிறது.

சுவரில் வெட்டுகிறவர்களுக்கும் ஒன்று: ஜிப்சம் போர்டில் சுவிட்ச் பெட்டிக்குச் சதுரம் போட இது சுலபம். சுலபம் என்பதால்தான் ஆபத்து, பிளேடு போர்டைத் தாண்டிப் போனதே தெரியாது. பின்னால் ஒயர் ஓடும். அந்தச் சுவருக்குப் போகிற லைனை அணைத்துவிட்டு வெட்டுங்கள், பிளேடில் போர்டின் தடிமனுக்கு டேப் ஒட்டுங்கள். பேட்டரி மெஷின் இல்லையென்றால் வேறு அறையிலிருந்து கரண்ட் இழுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அறையின் லைன் தனி என்பதை டெஸ்டரில் பார்த்த பிறகு.

பழைய ரம்பம்:

ஜன்னல் வேலை நன்றாக இருக்கிறது. அதற்கு நானானால் உளி மட்டும் வைத்து அரை நாள் எடுத்திருப்பேன். கதவின் அடியையும் 10 மில்லிக்கு மேல் குறைக்க வேண்டுமே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தரை உயர்ந்தால் கதவு இழுக்காதா? அதை இந்த மெஷினால் செய்யப் போகிறார் பையன், பார்த்துக்கொண்டே இருங்கள்.

இழைப்புளி:

நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். கதவுக்கு மல்டி டூல் வேண்டவே வேண்டாம், நீள வெட்டு. கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, கோட்டின் மேல் கத்தியால் ஆழமாகக் கீறி, ஒரு நேர்க் கட்டையைக் கதவில் கிளாம்ப் போட்டு இறுக்கி, வட்ட ரம்பத்தை அதை ஒட்டி ஒரே ஓட்டாக ஓட்டுங்கள். கத்திக் கீறல் எதற்கு என்றால் மேல்தோல் பிசிறாமல் இருக்க. வட்ட ரம்பம் இல்லையென்றால் பழைய ரம்பம் ஐயாவின் கைரம்பம், அப்புறம் இழைப்புளி.

புதுக்கை:

வாரக் கடைசி அப்டேட். கதவை இந்த மெஷினால் அறுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன், பழைய ரம்பம் ஐயா எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

பைமெட்டல் இரண்டு வாங்கினேன். லேமினேட் துண்டு, ஃபோம் துண்டு, 20 மில்லியில் நீலக் கலர் டேப். முதலில் ஆணி இல்லாத நிலையில் ஆரம்பித்தேன். வேகம் 2-இல் வரி பிடித்து, 4-க்கு ஏற்றி, பின்பக்கத்தை அசைத்து அசைத்து விட்டதில் புகையே இல்லை, வெளியே வந்த தூள் வெளிர் மஞ்சளாக இருந்தது, முன்பு வந்தது காபித்தூள் மாதிரி இருந்தது. ஒரு காலுக்கு ஏழு எட்டு நிமிடம். உளியை நெட்டுக்குத்தாக வைத்துத் தட்டினால் பிஸ்கட் மாதிரி விழும் என்றதை நான் நம்பவில்லை, விழுந்தது. மனைவியைக் கூப்பிட்டு இரண்டாவதைத் தட்டிக் காட்டினேன், "இதற்கா மூன்று நாள்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆணி இருக்கிற நிலையில் ஆணியை விட்டுவிட்டேன். பலகையில் அரைவட்டமாக ஒரு காடி, சுற்றி 10 மில்லி விட்டு. பலகையைத் தட்டி உள்ளே ஏற்றியதும் வெளியே எதுவும் தெரியவில்லை, நிலை தரையிலிருந்தே முளைத்த மாதிரி நிற்கிறது. பிளேடு நீலம் பாய்ந்த அந்த முதல் வெட்டின் கருகல் மட்டும் ஓரத்தில் ஒரு கோடாகத் தெரிகிறது, அதை மறைக்க மெழுகு பென்சில் தேடிக்கொண்டிருக்கிறேன், கெட்டி மரத்துக்குக் கறுப்பும் பழுப்பும் கலந்து எந்த நிற நம்பர் சரியாக வரும்?

சின்ன வேலை:

மெழுகு தடவுவதற்கு முன்னால் கருகலை உளி நுனியால் சுரண்டிப் பாருங்கள், பெரும்பாலும் அரை மில்லிதான் இருக்கும். நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் உளியில் விழுந்த அந்த பிஸ்கட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உள் மரம் தெரிகிற பக்கத்தோடு இல்லை, பாலிஷ் இருக்கிற முகத்தோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். துண்டுகளை எறிந்துவிடவில்லையே?

புதுக்கை:

இரண்டு இருக்கிறது. மீதி வேக்குவத்துக்குள்.